சாவி வண்டியில் இருக்கும்

போன வாரம் வீட்டுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. கனத்த அட்டை, தங்க நிற எழுத்து, தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிற அச்சு. சிவகாசிப் பக்கம் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்குக் காகிதம் கையில் கிடைத்தால் முதலில் மோந்து பார்க்கிற புத்தி போகாது. மோந்து பார்த்தேன். மை காய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தால் அதிகம். என் மகன் தன் கல்யாணப் பத்திரிகைக்கு இதில் பாதிக் கனத்தில் அட்டை கேட்டபோது, "பத்திரிகையத் திங்கவா போறாக" என்று திட்டியவன் நான். யார் வீட்டு விசேஷம் என்று பிரித்துப் பார்த்தால், பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

காருக்கு விழா. 'மறுபிறப்பு விழா' என்றே போட்டிருந்தார்கள். சூலக்கரை தாண்டி நாலுவழிச் சாலை ஓரத்தில், மாலை ஐந்து மணிக்கு, தேநீர் விருந்துடன். அழைப்பவர் என் பழைய முதலாளியின் மகன். சின்ன முதலாளி என்றுதான் நாங்கள் சொல்வோம். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, ஆனாலும் சின்னவர்தான். அட்டையின் பின்பக்கத்தில் அவர்கள் வீட்டு அம்பாசடரின் வரலாறு நாலைந்து வரியில் இருந்தது. குடும்பத்தின் ராசியான வண்டி, வாங்கிய நாள் முதல் ஒரே கை ஓட்டியது, இன்றுவரை ஒரு கீறல்கூடப் படாதது. மூன்று முறை படித்தேன். பிறகு பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தப்பு என்று போட்டேன். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு வேறு என்ன வேலை.

அன்று மத்தியானமே அவர் போனில் வந்தார்.

"பாய், நீங்க கட்டாயம் வரணும். அந்தக் காலத்து ஆளுன்னு இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீக. மைக்கப் புடிச்சு வண்டியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்."

"நான் என்னத்த முதலாளி சொல்ல?"

"என்ன அப்பிடிக் கேக்கீக? ஒருதரம் சாவியக்கூட உங்ககிட்டத்தான குடுத்து வச்சேன்."

அந்தச் சாவியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. மனைவியிடம் சொன்னதில்லை, ஹஜ்ஜுக்குப் போகிற அண்ணனிடம் துஆச் செய்யச் சொல்லும்போதுகூடச் சொன்னதில்லை. மைக்கே தருகிறேன் என்கிறாரே, சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதற்குத்தான் போனேன். தேநீருக்காகப் போனேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

இந்தப் பழைய கார்க்காரர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, எங்கள் பக்கம் இப்போது பெருத்துவிட்டார்கள். முன்பெல்லாம் பணம் சேர்ந்தவன் கல்யாண மண்டபம் கட்டுவான், பொழுது போகாதவன் பந்தயப் புறா வளர்ப்பான். இப்போது கார் வாங்குகிறான். அதுவும் ஓடுகிற கார் இல்லை. எந்த ஊரிலாவது கருவேல முள்ளுக்குள் ஒரு கார் கிடக்கிறது, உள்ளே கோழி அடைகாக்கிறது என்று தரகர் தகவல் சொன்னால் போதும், வீட்டுக்காரர்கள் மனம் மாறுவதற்குள் ஆள் அனுப்பித் தூக்கிவந்துவிடுவான். அதன்பிறகு ஒரு வருடத்துக்கு அவன் வாயில் வேறு பேச்சு வராது. விளக்குக் கண்ணாடி டெல்லியிலிருந்து வந்தது, கைப்பிடி கல்கத்தாவிலிருந்து வந்தது, ஹாரனுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. பேச்சுக்குப் பேச்சு ஒரிஜினல். அந்த ஒரிஜினலுக்குள் ஜப்பான் என்ஜினை இறக்குவான், ஏசி வைப்பான், ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்புகிற மாதிரி பண்ணுவான். எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து குற்றாலம் வரைக்கும் வரிசையாக ஓட்டிப்போவார்கள். பின்னாலேயே ஒரு லாரி காலியாக வரும், எது நின்றாலும் ஏற்றிக்கொள்ள. விலை ஏறிக்கொண்டே போகிறதாம். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் பிள்ளைக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்த பெருமை தெரியும்.

எங்கள் சின்னவரிடம் பதினான்கு வண்டி இருக்கிறது. அவற்றுக்காகக் கட்டிய ஷெட்டில்தான் விழா. ஷெட் என்று அவர் சொல்கிறார். தரையைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் தோன்றும். நடுவில் அம்பாசடர். எனக்குத் தெரிந்த வண்டி சாம்பல் நிறம். இது கீழே குங்குமச் சிவப்பும் மேலே பால் வெள்ளையுமாக, நாடகக்காரன் மாதிரி நின்றது. மேடையைப் பார்க்க வைக்க வேண்டும் என்று வாசலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் போனேன். மெழுகுப் பாலீஷ் நெடியும் புதுத் தோல் நெடியும் மூக்கில் ஏறின. அந்த வண்டிக்கு என்று ஒரு வாசனை உண்டு. பெட்ரோலும் கந்தகமும் வெற்றிலையும் ஆள் வியர்வையும் கலந்தது. குனிந்து, இறக்கியிருந்த பின் கதவுக் கண்ணாடி வழியாக மோந்து பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் கிழவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

வண்டியைப் புதுப்பித்த பையன் கோயம்புத்தூர்க்காரன். தாடி வைத்தவன், நான் கேட்காமலே விவரம் சொல்ல ஆரம்பித்தான்.

"ஒரு ஸ்க்ரூகூட விடலீங்க அங்கிள், எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான் பண்ணுனோம். சாவியே வேண்டாமுங்க இப்ப. பட்டன் ஸ்டார்ட்."

"பின் சீட்டு என்ன ஆச்சு?"

"அதைத் தூக்கிப் போட்டாச்சுங்க. ஒரே கறைங்க அங்கிள். வெள்ளியாட்டம் ஏதோ ஒட்டியிருந்துச்சு, எத்தனை தேச்சும் போகலீங்க."

வெள்ளி மாதிரி ஒட்டியிருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அலுமினியப் பவுடர். வெடி மருந்தில் கலப்பது. ஒருநாள் மருந்து ரூமில் உட்கார்ந்தால் போதும், முழங்கை, கழுத்து, காது மடல் எல்லாம் மினுங்கும். சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. திருத்தங்கல் பஸ்ஸில் எந்தப் பெண் பட்டாசுக்குப் போகிறவள், எவள் அச்சாபீசுக்குப் போகிறவள் என்று வெயில் படும்போது தெரிந்துவிடும். அந்தப் பின் சீட்டு அத்தனை மினுங்கியது என்றால், அத்தனை பேர் அதில் உட்கார்ந்தும் படுத்தும் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே கை ஓட்டியதாம்.

எங்கள் பட்டாசுக் கம்பெனி ஆமத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருந்தது. வாசலில் ஓர் ஓட்டுக் கட்டடம், அதுதான் ஆபீஸ். அங்கே எனக்குக் குமாஸ்தா வேலை. பேர் எழுதுவது, உள்ளே போகிறவர்களிடம் பீடி, தீப்பெட்டி இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வது. வேலிக்கு அந்தப் பக்கம் ரூம்கள் தள்ளித்தள்ளி இருக்கும், என்ஜின் வைத்த எதுவும் உள்ளே போகக் கூடாது. முதலாளி கார் என்றாலும் வாசலோடு சரி. பெரியவரைப் பற்றி நான் புகழ்ந்து சொல்லப்போவதில்லை. நாலு பேர் உட்கார வேண்டிய ரூமில் தீபாவளி சீசன் வந்தால் ஏழு பேரை உட்காரவைப்பார். அதிகாரி வருகிற தகவல் கிடைத்தால் மூன்று பேர் வேப்பமரத்தடியில் போய் நிற்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கறாராக இருந்தார்.

"வண்டி மொகம் ரோட்டப் பாத்து நிக்கணும். சாவி வண்டியிலேயே இருக்கணும். எவன் எடுத்தான், எதுக்கு எடுத்தான்னு நான் கேக்க மாட்டேன்."

அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அது எழுதாத சட்டம். எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லக் கூடாது, அபசகுனம். ஸ்டியரிங்கை முடிந்தவரை ஒடித்து, வண்டியைப் பின்னால் தள்ளி, ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் டிரைவர் இறங்குவார். திருட்டுப் பயம் கிடையாது. சாத்தூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் அது யார் வண்டி என்று தெரியாத ஆள் இல்லை. தேள் கடித்தவனும் பாம்பு கடித்தவனும் அதில் போனார்கள். ஒருதரம் பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிப்போனபோது ரயில்வே கேட் மூடியிருந்தது, பிள்ளை பின் சீட்டிலேயே பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளையை ஊரே காரு என்று கூப்பிட்டது. இப்போது காருக்கே தலை நரைத்துவிட்டது.

பேச்சியம்மாள், சங்குச்சக்கரம் செய்கிற சக்கர ரூமில் வேலை பார்த்தவள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். காலையில் வேனிலிருந்து இறங்கியதும் சுருக்குப்பையை அவிழ்த்து என் மேசையில் கொட்டுவாள். வெற்றிலை, பாக்கு, சில்லறை, ஒரு பல் உடைந்த சீப்பு.

"நல்லா மோந்து பாத்துக்கங்க பாய். உள்ள பீரங்கி வச்சிருக்கேன்."

தினமும் இதே பேச்சு. நான் தினமும் சிரித்தேன். பதிலுக்கு என்றாவது ஒரு நாள் நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், கடைசிவரை வரவில்லை.

சின்னவர் மெட்ராஸில் படிப்பை முடித்து அந்த வருடம்தான் வந்திருந்தார். கார்ப் படம் போட்ட வெளிநாட்டுப் புத்தகம் பெட்டி நிறைய. பெரியவர் ஆர்டர் பிடிக்க வடக்கே போயிருந்த நேரம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"கண்ட கண்டவனும் ஏறி எறங்குறான். இது என்ன சந்தை வண்டியா? சாவி இனிமே உங்ககிட்ட இருக்கட்டும் பாய். எங்கிட்டக் கேக்காம யாருக்கும் குடுக்காதீக."

பெரியவர் சொன்னது வேறு மாதிரி ஆயிற்றே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் கேவலமானது. சாவியில் தோல் பட்டை ஒன்று மாட்டியிருந்தது, அதை விரலில் போட்டுச் சுற்றினால் நன்றாகச் சுற்றியது. எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்தமாக ஒரு சைக்கிள், அதற்கும் பெல் கிடையாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சின்னவர் காலையிலேயே பஸ் ஏறி மதுரைக்குப் போய்விட்டார். நான் ஜும்ஆவுக்காகத் திருத்தங்கல் பள்ளிவாசலுக்குச் சைக்கிளில் போனேன். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வைக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தொழுகை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"கார் வாங்கிட்டீகளா பாய்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு எந்தத் திசை என்று பார்ப்பார்கள். ஆமத்தூர்த் திசையில் புகை எழுந்தது. அந்தப் பக்கம் ஏழெட்டுக் கம்பெனி இருந்தது. நம்முடையதாக இருக்காது என்று நினைத்தேன். டீயைக் குடித்து முடித்தேன்.

கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் கார் நின்றது. முகம் ரோட்டைப் பார்த்து, நான்கு கதவும் திறந்தபடி. பக்கத்தில் போர்மேன் சோலையப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். சக்கர ரூமில் தீ. பேச்சியம்மாளை அவரும் இன்னொருவரும் தூக்கிவந்து பின் சீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். அவர் ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்து பழக்கத்தில் கையை நீட்டியிருக்கிறார். சாவி இல்லை. மேசையைப் புரட்டி, இழுப்பறையை உடைத்து, அப்புறம் அவளை மறுபடி தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி நின்றிருக்கிறார்கள். ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன லாரிக்காரன் ஒருவன் லோடோடு வண்டியைத் திருப்பி அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். அதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது.

"சாவி எங்க தம்பி?" என்றார் சோலையப்பன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"சின்ன முதலாளி எடுத்து வைக்கச் சொன்னாக" என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சாவி சின்னவரோடு மதுரைக்குப் போய்விட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. பேசும்போது அது என் சட்டைப் பையில் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் பேச்சியம்மாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அந்த அரை மணி நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன்.

சின்னவர் மதுரையிலிருந்து வந்ததும் யாருக்கும் தெரியாமல் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். பெரியவர் வடக்கிலிருந்து வந்து இறங்கியதும் நேராக வாசலுக்கு வந்தார். அத்தனை பேர் முன்னால் மகனைக் கன்னத்தில் அறைந்தார். "சாவியில எதுக்குலே கைய வச்ச?" என்று ஒரே கேள்வி. சின்னவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை என்னைப் பார்த்தார். பாயிடம்தான் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பழைய குடோனில் பூட்டினார்கள். பெரியவர் இருந்தவரை அது வெளியே வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காத மனிதர் என்று சின்னவர்மேல் நான் வெகு காலம் மரியாதை வைத்திருந்தேன். அவர் பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் விசேஷத்துக்கெல்லாம் முதல் ஆளாகப் போயிருக்கிறேன்.

அந்த மரியாதை விழா அன்று ஷெட்டில், தேநீர்க் கோப்பையோடு நின்றபோது போயிற்று. சின்னவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, சுற்றி நின்ற மற்றப் பழைய கார்க்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பா இந்த வண்டிக்காக என்னைய அறைஞ்சிருக்காரு தெரியுமா? எல்லாரும் பாக்க. பாய்க்கு ஞாபகம் இருக்கும். எதுலயோ கொண்டுபோயி இடிச்சிட்டேன்னு நெனைக்கேன். கீறல் விழுந்துருச்சு போல."

அவர் நடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், உண்மையாகவே மறந்திருந்தார். அடி ஞாபகம் இருக்கிறது, அடித்த காரணம் ஞாபகம் இல்லை. நாற்பது வருடம் நான் பெருந்தன்மை என்று நினைத்தது வெறும் மறதி. அந்த அட்டையில் இருந்த நாலைந்து வரியும் அவருக்குப் பொய் இல்லை, அதுதான் அவருடைய வரலாறு. கழற்றி மாட்டிய பையனைச் சொல்லிக் குற்றமில்லை.

மைக்கைக் கொடுத்தார்கள். எதிரே நூறு பேர் இருப்பார்கள், பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நேராக ஆரம்பித்துவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன்.

"இந்த வண்டியில சாவி எப்பவும் வண்டியிலேயே இருக்கும். யாரு வேணும்னாலும் எடுக்கலாம். ஒரே ஒரு நாள்தான் இல்ல. அன்னைக்கு அது எங்கிட்ட இருந்துச்சு. என் சட்டைப் பையில."

கைதட்டிவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் சபாஷ் என்றார். இப்படி நம்பிக்கையான ஆட்கள் இப்போது எங்கே கிடைக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் கையை உயர்த்தி நிறுத்தியிருக்கலாம். பேச்சியம்மாள் என்று ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும், நின்றிருக்கும். தட்டட்டும், முடியட்டும், சொல்வோம் என்று நின்றேன். முடிந்தது. ஷெட்டே அமைதியாக என்னைப் பார்த்தது. நான் மைக்கைத் தொகுப்பாளரிடம் நீட்டினேன். யாரும் பிடுங்கவில்லை, நானேதான் நீட்டினேன். பழைய கார்க்காரர்களைப் பற்றி இவ்வளவு நேரம் நான் பேசிய பேச்சையெல்லாம் நீங்கள் இப்போது என் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

அப்புறம் சின்னவர் பட்டனை அழுத்தினார். என்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது, எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் கிளம்பும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, அதன்மேல் சாவி. தோல் பட்டையை எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள்.

"இனிமே இதுக்கு வேலை இல்ல பாய். உங்ககிட்ட இருந்ததுதான, நீங்களே வச்சுக்கங்க."

வாங்கிக்கொண்டேன். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் எங்கே இருக்கிறது. வெளியே வந்தால் ஐம்பது அறுபது கார் நின்றது. ஒன்றுகூட ரோட்டைப் பார்த்து நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தூரத்திலிருந்தே சாவியை அமுக்க, ஒவ்வொரு வண்டியும் ஒரு சத்தம் கொடுத்துக் கண்ணைச் சிமிட்டியது.

ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் கம்பெனி இப்போது இல்லை, பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். பெரியவர் இல்லை, சோலையப்பனும் இல்லை. கல் லாரிக்காரன் யாரென்று அன்றைக்கே தெரியாது. பின் சீட்டு கோயம்புத்தூரில் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ, பேச்சியம்மாள் இருந்ததற்கு எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அதுதான். சாவி மட்டும் என்னிடம்தான் இருக்கிறது.